மாடிப்படிச் சுவரின் திருத்தப்படாத வரலாறு

1

தமிழில் இன்றுவரை எழுதப்பட்ட கட்டிட வரலாறுகள் அத்தனையும் பொய். இதுதான் முதல் உண்மை வரலாறு. இதைச் சொல்வதில் எழுதுகிறவனுக்குப் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. இன்று வியாழக்கிழமை என்று சொல்வது போல ஒரு தகவலாகத்தான் சொல்கிறான். இந்தக் கதையில் ஒருமுறை எழுதிய வரி எதுவும் அடிக்கப்படாது. தப்பான தொடக்கம், பாதியில் நின்றுபோன வாக்கியம், வெட்கக்கேடான உவமை எல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். எழுதியதைச் சுரண்டி எடுப்பவனுக்கு எழுத்தாளன் என்று பெயர் இல்லை. வெள்ளையடிப்பவன் என்றுதான் பெயர்.

எழுதுகிறவன் பெயர் மணிவண்ணன். ஊர் அனுமந்தை. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கிறான். "நான்" என்று எழுதியிருக்கலாம். "நான்" என்று ஆரம்பித்தவுடன் வாசகர் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறார் என்பதால் வேண்டாம் என்று விட்டான்.

கதை பிறந்த விதத்தை மறைக்க ஒன்றுமில்லை. கல்லூரி ஆண்டு மலரில் மணிவண்ணன் "நமது கேன்டீனின் தோற்றமும் வளர்ச்சியும்" என்றொரு கட்டுரை எழுதினான். பல்லவர் காலத்தில் சுட்ட மெதுவடை ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இன்றும் பாதுகாக்கப்படுவதாக அதில் இருந்தது. மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனிக்கு மேனேஜராக இருக்கும் தட்சணாமூர்த்தி அதைப் படித்தார், நம்பினார். வடையின் காலத்தில் மட்டும் தனக்குக் கொஞ்சம் கருத்து வேற்றுமை உண்டு என்றார். பழுதுபார்த்துத் திறக்கப்போகும் தங்கள் கம்பெனிக் கட்டிடத்துக்கும் இதே மாதிரி ஆதாரபூர்வமாக ஒரு வரலாறு எழுதித் தர வேண்டும், திறப்பு விழா மலரில் போடலாம் என்றார்.

மணிவண்ணன் ஒப்புக்கொண்டான். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது அவனுடைய தொழில்.

2

முதல் தொடக்கம்: "மரக்காணத்து உப்பளங்களின் நடுவே கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும் இந்த"

[கைவிடப்பட்டது. எல்லா மலர்களிலும் எல்லாக் கட்டிடங்களும் கம்பீரமாகத்தான் நிற்கின்றன. ஒரு கட்டிடமாவது கொஞ்சம் கூச்சத்தோடு நின்றதாக எவரும் எழுதவில்லை.]

இரண்டாவது தொடக்கம்: "1936ஆம் ஆண்டு ஒரு பைத்தியக்காரர்"

[கைவிடப்பட்டது. பைத்தியக்காரரின் பேரன்தான் விழாத் தலைவர்.]

மூன்றாவது தொடக்கம், பரவாயில்லை ரகம். ஆதிமூலம் என்ற உப்பு வியாபாரி ஒரு முறை சென்னைக்குப் போனார். கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பெரிய கம்பெனி ஆபீசில், யாரையோ பார்ப்பதற்காக அகலமான மாடிப்படிக்குக் கீழே வெகுநேரம் நின்றார். கடைசிவரை மேலே கூப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பியவர், நின்ற நேரத்தில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்ட அந்தக் கட்டிடத்தை அப்படியே மரக்காணத்தில் கட்டத் தொடங்கினார். மூன்று மாடி. வரிசை வரிசையாக ஜன்னல். நான்கு பேர் தோள் உரசாமல் ஏறக்கூடிய படிக்கட்டு. மின்சாரமே வராத ஊரில் லிஃப்டுக்கு ஒரு குழி.

சுற்றிலும் உப்புப் பாத்திகள். நடுவில் ஒரு பட்டணத்து ஆபீஸ். பட்டணம்தான் இல்லை. கேட்டவர்களுக்கு ஆதிமூலம் ஒரே பதில்தான் வைத்திருந்தாராம். பட்டணம் தெற்குப் பக்கமாகத்தான் வளர்ந்துகொண்டு வருகிறது. இங்கே வந்து சேரும்போது ஆபீஸ் தயாராக இருக்க வேண்டாமா?

பட்டணம் வரவில்லை. கம்பெனி ஆட்கள் கீழ்த்தளத்தில் பாதியைக்கூட நிரப்பவில்லை. மேல் மாடிகளில் யுத்தகாலத்தில் சிப்பாய்கள் இருந்தார்கள், பிறகு டைப்ரைட்டிங் வகுப்பு இருந்தது, பிறகு புறாக்கள் இருந்தன. வாடகை தராததில் மூன்று தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

(பக்கக் குறிப்பு: இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு மணிவண்ணன் டீ குடிக்கப் போனான். இதைவிட நல்ல வாக்கியம் இந்தக் கதையில் இனி வராது என்று அவனுக்குத் தோன்றியது.)

3

கட்டிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கதையை எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்று எழுதுகிறவன் பார்த்தான். லிஃப்ட் குழி வரைக்கும்தான் ஓடியது. ஆகவே இங்கே ஒரு மனிதர் வேண்டும்.

"அம்சவல்லி, கண்களில் நீர் மல்க,"

[பொய். நீர் மல்கவில்லை.]

"உழைத்துக் களைத்த அந்த முகத்தில்"

[எந்த முகத்தில்? அவர் வெற்றிலையை மென்றுகொண்டு எழுதுகிறவனை முறைத்துக்கொண்டிருந்தார்.]

இந்தப் பாத்திரத்தின் மேல் எழுதுகிறவனுக்குச் சந்தேகம் உண்டு. உப்பளத்துக் கூலிப்பெண் என்றவுடன் வாசகர் கைக்குட்டையை எடுத்துவிடுவார். அம்சவல்லிக்கு அது பிடிக்காது. இருபது வருடத்துக்கு மேல் பாத்தியில் உப்பு வாரியவர். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கேட்டால், பொண்ணு பாக்க வந்திருக்கியா என்பார். வெயிலில் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது. வெளியிலிருந்து ஓர் அறைக்குள் நுழைந்தால், பார்வை வந்து சேரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்னும் சில வருடம் பாத்தியில் நின்றால் பார்வை வந்து சேராமலே போகலாம் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கடல் வந்து பாத்திகளைச் சேற்றால் மூடியபின், அவர் ஏழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு இந்தக் கட்டிட வேலைக்குச் சித்தாளாக வந்தார். வேலை சுத்தமாக இருந்தது. தட்சணாமூர்த்தி ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, திறப்பு விழா முடிந்ததும் கட்டிடத்தைப் பெருக்கித் துடைக்கும் நிரந்தர வேலை அவருக்குத்தான் என்றார். வாய் வார்த்தைதான்.

"சம்பளம் கம்மியானாலும் பரவாயில்லப்பா. தலைக்கு மேல கூரை இருக்கற வேலையா இருக்கணும்" என்று அவர் மணிவண்ணனிடம் சொன்னார். கதையில் இவருக்கு வேண்டியது இது ஒன்றுதான். இதற்கு மேல் ஆசை எதையும் அவர் தலையில் கட்டுவதாக இல்லை.

4

கடல் வந்த காலையை எழுதுகிறவன் வெவ்வேறு விதமாக எழுதிப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் ஓர் உவமை வந்து உட்கார்ந்துகொண்டது. "நாகம் சீறுவதைப் போல" என்பது அவற்றில் ஒன்று. அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அது இங்கேயே கிடக்கட்டும். வாசகர் தாண்டிப் போகவும்.

2004 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் பூட்டியிருந்தது. தண்ணீரைப் பார்த்தவர்கள் கட்டிடத்தை நோக்கி ஓடினார்கள்; ஓடிப்போய் ஏறுவதற்கு அந்தப் பக்கத்தில் வேறு உயரம் இல்லை. அம்சவல்லியோடு பாத்தியில் வேலை செய்யும் முத்தம்மாள் ஒரு கருங்கல்லால் பூட்டை உடைத்தார். ஆதிமூலம் பட்டணத்துக்காரர்களுக்காகக் கட்டிய அகலத்தில், நான்கு நான்கு பேராக ஏறினார்கள். சேற்றுக் கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறியதில், படியோரச் சுண்ணாம்புச் சுவர் கீழிருந்து மேல்வரை கையாகப் பதிந்துபோயிற்று. பெரிய கை, சின்னக் கை, ஒன்றின்மேல் ஒன்று.

படிக்கு வந்து சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள். சேராதவர்களைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப்படவில்லை. அவர்களுடைய பெயர்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டி எழுபது வருடம் ஆகப்போகும் சமயத்தில், அந்தக் கட்டிடம் முதல் தடவையாக நிரம்பியது.

5

அடுத்த வருடம் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியது. சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். கண்ணாடிக் கதவு, ஏசி, பொய்க்கூரை, ஆதிமூலத்தின் குழிக்குள் நிஜமான லிஃப்ட் என்று வரைபடத்தில் எல்லாம் இருந்தது. படியோரச் சுவரைப் பார்த்து, அழுக்கு என்றார். பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசச் சொன்னார். கொத்தும்போது அந்த எட்டுப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதாக மேஸ்திரி பிற்பாடு குறைபட்டுக்கொண்டார்.

பூசினார்கள். மழை வந்தது, போனது. தை பிறந்து காற்று காய்ந்தவுடன் சுவர் பூத்தது. மற்ற சுவர்களெல்லாம் ஒழுங்காக இருக்க, அந்த ஒரு சுவர் மட்டும் காலையில் பார்த்தால் அடி முதல் நுனி வரை வெள்ளை வெளேரென்று உப்பு. பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வந்தது.

பொறியாளருக்கு முதலில் மணல் மேல் சந்தேகம், பிறகு தண்ணீர் மேல், கடைசியாக மனிதர்கள் மேல். எவரோ வேண்டுமென்றே கலவையைக் கெடுத்திருக்கிறார்கள் என்று மேனேஜரிடம் சொன்னார். தட்சணாமூர்த்தி எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்துப் பேசினார். செய்தது யார் என்று தெரிந்தால், அந்தக் கோஷ்டியில் ஒருவர்கூட இனி இந்தக் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சத்தம் போடாமல் சொன்னார். அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அன்றிலிருந்து அம்சவல்லி விடிவதற்குள் வந்துவிடுவார். பாத்தியில் உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு, கீழ்ப்படியில் ஆரம்பித்து மேல்படி வரைக்கும் சுவரைச் சுரண்டி, விழுந்ததைக் கூட்டி அள்ளி, வெளியே கொட்டிவிடுவார். பொறியாளர் வரும்போது சுவர் யோக்கியமாக இருக்கும்.

மணிவண்ணன் இதைப் பார்த்தான். பார்த்தால் சும்மா இருக்கமாட்டான். கம்பெனிக்கு இருக்கிற பாத்தி போதாதென்று நெட்டுக்குத்தலாக ஒன்று போட்டிருக்கிறார்களே, இதை எப்போது ஏலம் விடுவார்கள் என்று கேட்டான். ஒரு சுவருக்குத் தினமும் காலையில் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிற ஒரே பள்ளிக்கூடம் மரக்காணத்தில்தான் இருக்கிறது என்றான். தான் எழுதுகிற வரலாற்றில் ஓர் எழுத்தையும் இப்படிச் சுரண்டமாட்டேன் என்றும், யாரும் கேட்காமலே, சொல்லிவைத்தான்.

அம்சவல்லி பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினார்.

"எழுதுனத எதையுமே அடிக்கமாட்டியா?"

"அடிக்கமாட்டேன்க்கா."

"அப்ப எவன்டா அதப் படிப்பான்?"

(பக்கக் குறிப்பு: எழுதுகிறவனுக்கு இதுவரை கிடைத்த இலக்கிய விமரிசனங்களில் இது ஒன்றுதான் தெளிவானது.)

6

ஒரு மத்தியானம் அம்சவல்லி படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணிவண்ணன் இரண்டு படி கீழே உட்கார்ந்து, வரலாற்றாசிரியன் என்ற முறையில் கேட்டான். அக்கா, இந்தச் சுவர் எதனால் இப்படி?

"எதனாலயா. நாங்கதான் போட்டோம்."

"எத?"

"உப்ப. கலவையில. ஆளுக்கு ஒரு கை."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். வருடா வருடம் பாத்தியைச் சுத்தம் செய்து முதல் தண்ணீர் விடும்போது, போன வருட உப்பில் ஒரு கை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மடையைத் திறப்பது அவர்கள் வழக்கம். போடாவிட்டால் விளையாதா என்று கேட்டான் மணிவண்ணன். போடாமல் யாரும் விட்டதில்லை, அதனால் தெரியாது என்றார். பூச்சு ஆரம்பித்த காலையில், மேஸ்திரி பீடி வாங்கப் போன நேரம் பார்த்து, எட்டுப் பெண்களும் மடியில் கட்டிக்கொண்டு வந்த உப்பை அந்தக் கலவையில் போட்டிருக்கிறார்கள்.

"எங்கள மேல தூக்கி உட்கார வெச்ச சொவுரு. கையெல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டான். புதுசா பூசறான். சும்மா பாத்துக்கினு நிக்க முடியுமா? பாத்திக்குச் செய்யறத அதுக்கும் செஞ்சோம்."

"ஒரு கை உப்புக்கு இவ்ளோ பூக்குமாக்கா?"

"ஒரு கைன்னு நான் சொன்னேன். அவளுங்க கேட்டாளுங்களா? முத்தம்மா ஒரு சட்டி கொட்டிட்டா. ஏன்டின்னா, எங்க வூட்ல ஜாஸ்தி பேரு ஏறுனோமேங்கறா."

மணிவண்ணனுடைய வரலாற்றின் மிக நல்ல பக்கம் இதுதான். புறா வாக்கியமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எங்கே ஆரம்பிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருப்பது அவன் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அம்சவல்லி பிசைவதை நிறுத்தினார்.

"இத எழுதிடுவியா?"

"வரலாறுக்கா. எப்படி எழுதாம இருக்கறது?"

"எழுதிக்க. கடைசில, அம்சவல்லி மறுபடியும் வெயிலுக்கே போயிட்டான்னு ஒரு வரி சேத்துடு. அதுவும் வரலாறுதான்."

கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

7

இந்தப் பகுதியில் உண்மையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வர வேண்டும். இந்த மாதிரிக் கதைகளில் அது வழக்கம். எழுதுகிறவன் உட்கார்ந்து பார்த்தான்.

"உண்மை என்பது"

"உண்மை எப்போதும்"

"உண்மையைச் சொல்வதால் யாருக்கு"

[மூன்றும் அப்படியே நிற்கின்றன. கட்டுரை வரவில்லை.]

வந்தது இவ்வளவுதான். எழுதுகிறவன் வெயிலில் வேலை செய்ததில்லை. கல்லூரியில் மின்விசிறி இருக்கிறது, சில நாள் சுற்றவும் செய்கிறது. ஒரு நல்ல பக்கத்துக்காகத் தன் கண்ணைக் கொடுப்பானா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். கேள்வி நன்றாக இருந்தது. ஆனால் இங்கே கேட்கப்படுவது அவனுடைய கண் இல்லை.

விழா மலருக்கான வரலாற்றை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது சுவருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டான். அச்சகக்காரர் அங்கே ஒரு பூக்கூடைப் படம் போட்டு நிரப்பிவிட்டார். அடிக்கவில்லை, எழுதவும் இல்லை என்பதால் தன் கொள்கைக்குப் பழுது வரவில்லை என்று மணிவண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டான்.

8

திறப்பு விழா. 2006, மாசி மாதம். பந்தல், நாற்காலி, மைக் செட். அம்சவல்லிக்குக் கம்பெனியிலேயே புதுப்புடவை எடுத்துக் கொடுத்து, கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். சுவரை விடிகாலையிலேயே சுரண்டிவிட்டிருந்தார். ஆனால் தலைவர், அதாவது ஆதிமூலத்தின் பேரன், வந்து சேர வெயில் ஏறிவிட்டது. கண்ணாடிக் கதவு வழியாக அது நேராகச் சுவரில் அடித்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெயிண்டின் மேல் அங்கங்கே வெள்ளை படர ஆரம்பித்தது.

பேரன் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். கூட்டம் நெருக்க, படியேறும்போது தோள் சுவரில் உரசியது. வெள்ளை ஒட்டிக்கொண்டது. தட்டினார், விரலைப் பார்த்தார், யாரும் எதிர்பார்க்காமல் நாக்கில் வைத்துப் பார்த்தார். என்ன இருந்தாலும் உப்பு வியாபாரியின் பேரன்.

"நம்ம சரக்குதான்" என்றார்.

சிலர் சிரித்தார்கள். தட்சணாமூர்த்தி சிரிக்கவில்லை. பொறியாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். சொல்லும்போது பொறியாளரின் பார்வை பன்னீர்ச் செம்பு வைத்திருந்தவர் பக்கம் போய்வந்தது. மேனேஜர் கூட்டத்தைத் துழாவி மணிவண்ணனைக் கண்டுபிடித்தார்.

"தம்பி இந்தக் கட்டிடத்தோட சரித்திரத்தையே எழுதியிருக்கார். ஆதாரம் இல்லாம ஒரு வார்த்த எழுதமாட்டார். சொல்லுங்க தம்பி, இந்தச் சொவுரு ஏன் இப்படி?"

அம்சவல்லி மணிவண்ணனைப் பார்க்கவில்லை. செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே கதைக்கு மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. மணிவண்ணன் உண்மையைச் சொல்கிறான். அழகாகச் சொல்கிறான். பேரன் நெகிழ்ந்து, இந்தச் சுவரைத் தொடக் கூடாது, இது நம் அடையாளம் என்கிறார். கைதட்டல். இந்த முடிவு எழுதுகிறவனுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம்பத்தான் முடியவில்லை. கோட்டில் உப்பு ஒட்டிய மனிதர் நெகிழ்ந்து அவன் பார்த்ததில்லை.

இரண்டு. உண்மையைச் சொல்கிறான். எட்டுப் பெண்களும் கேட்டுக்கு வெளியே போகிறார்கள். அம்சவல்லி புதுப்புடவையோடு பாத்திக்குப் போகிறார். வரலாறு சுத்தமாக இருக்கிறது.

மூன்று. வடையைப் பற்றிச் சொன்ன அதே முகத்தோடு வேறு ஏதோ சொல்கிறான்.

வாசகருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். எழுதுகிறவன் எதையும் அடிக்கவில்லை, எதையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. நடந்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மணிவண்ணன் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு,

9

திருத்தங்கள்

ஐந்தாம் பகுதியில் "சுவரைச் சுரண்டி" என்று இருப்பதைச் "சுவரைத் துடைத்து" என்று வாசிக்கவும்.

அதே பகுதியில், எட்டுப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதாக உள்ளது. அவர்கள் நிற்கவில்லை.

ஆறாம் பகுதியில் "நாங்கதான் போட்டோம்" என்பதிலிருந்து அப்பகுதியின் கடைசி வரை உள்ள அனைத்தையும் நீக்கிவிட்டு, "கடல் காற்றினால்" என்று வாசிக்கவும்.

முத்தம்மாள் என்று ஒருவர் இல்லை.

அம்சவல்லி என்ற பெயர் வரும் இடங்களிலெல்லாம் "கட்டிடத்தின் நிரந்தரப் பணியாளர்" என்று வாசிக்கவும்.